கோணற் கூடம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வசதியில்லை, பொழுதில்லை என்று முறையிடும் மாணவரின் வாயை அடைக்க இப்பழமொழியை நாம் பன்முறை எடுத்தாண்டிருக்கிறோம். கோணற் கூடத்திலேயே ஆடிக் காட்டிய ஒரு பெண்மணியின் வரலாற்றை அறிந்தபின் அதனைச் சொல்ல நமக்குச் சற்றே நாணமாயிருக்கிறது.

அவர் பிரெஞ்சுத் திரைப்பட நெறியாளர் அன்யேஸ் வார்தா. 1928 இல் பிறந்தவர். பாரிஸில் நாடக அரங்கொன்றின் புகைப்படக்காரராயிருந்தவர். படத்தொழிலை எவரிடமும் முறையாகப் பயின்றவரல்லர். 1954 இல், தமது 26 ஆம் வயதில், சொந்தமாகவே ஒரு சிறு நிறுவனத்தை அமைத்து, செத் என்னும் துறைமுகப் பட்டினத்து மீனவர் குடியிருப்பிலே முதற்படத்தை எடுத்தார். பெருமுதலாளிகள் துணையில்லை; நடிகர்கள் கூலி பெறாது பங்காளராயினர். பிரெஞ்சுத் திரையுலகில் 'புதிய அலை' எழுவதற்கு அது கட்டியங் கூறியது என்பர்.

1972 இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். மழலையை விட்டு வெளியூர் செல்ல இயலவில்லை. அவர் என்ன செய்தார்? தம் வீட்டு மின்சாரத்திலிருந்து நீண்டதொரு வயரை வீதிக்கு இழுத்தார். அது எட்டுந் தூரமே தம் படத்தின் எல்லையென வகுத்தார். நூறு மீற்றருக்கும் குறைந்த அவ்வெல்லைக்குள் இருந்த ரொட்டிக் கடைக்காரர், இறைச்சிக் கடைக்காரர், தையற்காரர் ஆகியோரின் அன்றாட வாழ்வே படமாயிற்று.

1985 இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்க விருது அவரை வந்தடைந்தது. 2000 ஆம் ஆண்டில், எழுபது கடந்த பருவத்தில், அறுவடைக்குப்பின் வயலிற் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கி வாழ்வோரைப் பற்றிப் படமெடுத்தார். அதில் ஒரு கையிற் சிறு டிஜிட்டல் கமெராவை ஏந்தி, சுருக்கம் விழுந்த தம் மறு கையையே படம் பிடித்தார். 2017 இல் கௌரவ ஒஸ்கார் கிடைத்தது. 2019 இல், 90 ஆம் வயதில் மறைந்தார்.

இவரைப் போற்றுவது எளிது. ஆனால், அந்த வயரை அவர் வெறும் சாமர்த்தியமாக எண்ணவில்லை. பெண்ணை வீட்டோடு பிணைக்கும் கொப்பூழ்க்கொடியாகவே கருதினார். நம்மிடம் கற்ற பெண்களிற் சிலர் எழுத வல்லவர். மணமானபின் பேனாவைத் தொட்டிலர். வழியிற் கண்டால், "ஏன் இப்போது எழுதுவதில்லை?" என்று குறையாகவே கேட்டிருக்கிறோம். அவர்தம் வயர் எவ்வளவு தூரம் எட்டும் என்று ஒருநாளும் கேட்டோமில்லை.

ஆடத் தெரிந்தவர்கள் அவர்கள். கூடத்தைக் கோணலாக விட்டவருள் நாமும் ஒருவரன்றோ?