நரிக் கட்சி

அரிவாள்மணையில் நறுக்கினால்தான் வெண்டைக்காய்க்கு ருசி என்று அடித்துச் சொல்லும் பாட்டிமார்கள் உண்டு. கத்தியைத் தவிர வேறொன்றைக் கையால் தொடாத சமையற்காரர்களும் உண்டு. இவர்கள் இருவரையும் ஒரே சமையலறையில் விட்டால் என்ன நடக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால், இரண்டு கம்ப்யூட்டர் புரோகிராமர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, "கணக்கு எழுத எந்த டேட்டாபேஸ் நல்லது?" என்று மட்டும் கேட்டுவிடுங்கள். பாட்டியும் சமையற்காரரும் பரம சாதுக்கள் என்று தோன்றிவிடும்.

டேட்டாபேஸ் என்றதும் மிரள வேண்டாம். மளிகைக் கடைப் பேரேடுதான். யாருக்கு என்ன கொடுத்தோம், யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எத்தனை மூட்டை என்பதையெல்லாம் குறித்துவைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கிற சாதனம். தமிழில் தரவுத்தளம் என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அந்தத் தொழிலில் இருப்பவர் ஒருவர்கூட என் காதுபட அதைச் சொன்னதில்லை.

சண்டைக்கு வயது ஐம்பதுக்கு மேல் ஆகிறது. 1974ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து ஆன் ஆர்பர் நகரில் ஒரு மகாநாடு கூடிற்று. அதில் இரண்டு பெரிய மனிதர்கள் எதிரெதிராக நின்று வாதாடினார்கள். ஒருவர் சார்லஸ் பாக்மன். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்துகொண்டு, 1960களின் தொடக்கத்திலேயே டேட்டாபேஸ் கட்டிக் காட்டியவர். முந்தின வருஷந்தான் டூரிங் விருது வாங்கியிருந்தார். மற்றவர் எட்கர் காட். ஆங்கிலேயர், யுத்தத்தின்போது விமானப் படையில் இருந்தவர், அப்போது ஐ.பி.எம். உத்தியோகஸ்தர்.

அவர்கள் தகராறை ஆட்டோ சவாரியாகச் சொல்லிவிடலாம். பாக்மன் முறையில், "நேரே போய் இடது பக்கம் திரும்பு, பிள்ளையார் கோயிலைத் தாண்டி மூன்றாவது சந்து" என்று ஒவ்வொரு திருப்பத்தையும் நாமே சொல்லிக்கொண்டு போகவேண்டும். காட் முறையில், "கபாலி கோயிலுக்குப் போப்பா" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். வழி யந்திரத்தின் பாடு. "வழி தெரிந்தவன் சொன்னால் சீக்கிரம் போய்ச் சேரலாமே!" என்றது ஒரு கட்சி. "நாளைக்குத் தெருவை மாற்றிவிட்டால் என்ன செய்வாய்?" என்றது மற்றக் கட்சி. போகப் போகக் காட் கட்சிதான் ஜெயித்தது. 1981இல் அவருக்கும் அதே விருது கிடைத்தது. அவர் யோசனையிலிருந்து பிறந்த பாஷையின் பெயரை எஸ்.க்யூ.எல். என்று உச்சரிப்பதா, சீக்வெல் என்று உச்சரிப்பதா என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போன நாட்டில் பிறந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதெல்லாம் பெரிய யந்திரங்களின் கதை. மேஜைமேல் வைக்கும் சிறிய கம்ப்யூட்டர்கள் வந்தபோது, கலிபோர்னியாவில் வேன் ராட்லிஃப் என்ற ஒருவர், ஆபீசில் நடந்த கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிப்பதற்காகப் புள்ளி விவரங்களைச் சேர்த்துவைக்க ஒரு புரோகிராம் எழுதினார். அதுதான் பிற்பாடு டிபேஸ் இரண்டு என்று விலைக்கு வந்தது. டிபேஸ் ஒன்று என்று எதுவும் கிடையாது. இரண்டு என்று போட்டால் திருந்திய பதிப்பு என்று ஜனங்கள் நினைப்பார்கள் அல்லவா! விற்ற கம்பெனியின் பெயர் ஆஷ்டன் டேட். டேட் இருந்தார், ஆஷ்டன் என்று ஒருவர் கிடையவே கிடையாது. கதை எழுதுகிறவர்கள் இவர்களிடம் பாடம் கேட்கலாம்.

டிபேஸைப் பார்த்து, அதைவிட வேகமாக ஓடும் நரி ஒன்றை ஒஹையோ மாகாணத்தில் வளர்த்தார்கள். ஃபாக்ஸ்புரோ என்று பெயர். 1992இல் மைக்ரோசாப்ட் அந்தக் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நம் ஊர்களில் 1990களில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்று மாடிப்படி ஓரத்துப் போர்டுகளில் எழுதியிருந்ததைச் சொல்வார்கள். 2007 மார்ச்சில், இனிப் புதுப் பதிப்பு கிடையாது என்று அறிவிப்பு வந்தது. ஸ்பானிஷ் பேசும் தேசத்துப் புரோகிராமர்கள் மகஜர் எழுதி ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். பலிக்கவில்லை. 2015 ஜனவரியோடு கம்பெனியின் பராமரிப்பும் நின்றது. ஆனாலும் நரி சாகவில்லை. எத்தனையோ கடைகளின் உள்ளறைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படி ஓர் உள்ளறை என் பதிப்பாளர் ஆபீசில் இருந்தது. ராயல்டி விஷயமாக நான் போயிருந்தேன். அங்கே இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெரியவர், 1998இல் அந்த ஆபீசுக்கு ஃபாக்ஸ்புரோவில் கணக்கு எழுதிக் கொடுத்து, அன்று முதல் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்து வருகிறவர். மற்றவர் இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாற்றுவதற்காகச் சின்ன முதலாளி அமர்த்தியிருந்தார்.

"ஏம்மா, இத்தனை வருஷத்தில் இது ஒரு நாள் நின்றதுண்டா?" என்றார் பெரியவர்.

"நின்றதில்லை சார். ஆனால் உங்களுக்கு ஜுரம் வந்தால் நின்றுவிடுமே!"

பெரியவர் பேசவில்லை. எனக்கே சுருக்கென்றது. அவர் இருபத்தைந்து வருஷ காலம் சேர்த்த வித்தையை, இனி எங்கே கொண்டுபோய் விற்பார்? கருவியைப் பற்றிய சண்டை என்று நாம் நினைக்கிற பலவற்றில் ஒரு மனிதனின் ஆயுசு அடமானத்தில் இருக்கிறது.

நான் பெண் கட்சிதான். அதற்கு என் சுயநலமும் ஒரு காரணம். பழைய கணக்கில் என் நாவல்களின் பெயர்கள் அந்தக் காலத்து எழுத்துரு ஒன்றில் அடிக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் என் தலைப்புக்குப் பதில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் குத்திட்டு நிற்கும். எல்லாப் பாஷைக்கும் பொதுவான யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஃபாக்ஸ்புரோவோ கடைசிவரை அதைச் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. தமிழ்ப் புத்தகம் விற்கிற இடத்தில் தமிழ் படிக்கத் தெரியாத குமாஸ்தாவை எத்தனை நாள் வைத்துக்கொள்வது?

இப்படி நான் மனத்துக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் திரையில் ஓரிடத்தைக் காட்டினாள்.

"சார், இது ஏதோ பிழை போலிருக்கிறது. 118ஆம் நம்பர் ஆசிரியருக்கு மட்டும், ராயல்டி ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்தால் ஐந்நூறு என்று போட்டுக்கொள்கிறது. அதற்குத் தகுந்தபடி விற்ற பிரதிகளையும் கூட்டிக் காட்டுகிறது. எடுத்துவிடட்டுமா?"

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எடுத்துவிடாதே அம்மா. பெரிய முதலாளி சொல்லி எழுதியது."

118ஆம் நம்பர் ஆசிரியர் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. (யார் என்று கேட்காதீர்கள், நம்பரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.) அவர் புத்தகங்கள் விற்பதில்லை. கிராமத்தில் அவர் மனைவி தனியாக இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணியார்டர் போகவேண்டும். ஆனால் தர்மமாகப் போகக் கூடாது, புருஷன் சம்பாதித்ததாகப் போகவேண்டும் என்று பெரிய முதலாளி ஒரு சாயங்காலம் இவரைத் தனியே அழைத்துச் சொன்னாராம். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மணியார்டர் வங்கி வழிப் பணமாக மாறிவிட்டது. புரோகிராம் மட்டும் சொன்ன சொல் தவறாமல் ஐந்நூறு அனுப்பிக்கொண்டிருந்தது. வித்தியாசத்தை விளம்பரச் செலவில் எழுதிக்கொண்டுமிருந்தது. சின்ன முதலாளிக்கு அன்றைக்குத்தான் சமாசாரம் தெரிந்தது.

அந்தப் பெண் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கிறது சார்?" என்று கேட்டாள். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"பதினொன்று" என்றார் பெரியவர். கையை விரித்து எண்ணிப் பார்க்கவே இல்லை.

அப்புறம் சண்டை ஓய்ந்தது என்று நினைத்தீர்களானால், நீங்கள் புரோகிராமர்களை அறியமாட்டீர்கள். இந்த மாதிரி ஏற்பாடுகளைப் புரோகிராமுக்குள் எழுதுவதா, டேட்டாபேஸில் தனிப் பட்டியலாக வைப்பதா என்று புதிதாகத் தொடங்கினார்கள். பட்டியலில் இருந்தால் முதலாளியே திருத்திக்கொள்ளலாம் என்றாள் அவள். பட்டியலில் இருந்தால் எந்தக் குமாஸ்தாவும் பார்த்துவிடுவான், ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்றார் அவர். போஸ்ட்கிரெஸில் இன்னார்தான் பார்க்கலாம் என்று பூட்டுப் போட முடியும் என்றாள். அவர் நம்பவில்லை.

அடுத்த மாதம் போனபோது பூட்டு தயாராக இருந்தது. பெரியவர் குமாஸ்தாவின் பெயரில் உள்ளே நுழைந்து பட்டியலைத் திறந்து பார்த்தார். அனுமதி இல்லை என்றது. இன்னொரு வழியாக முயன்றார். அதற்கும் அதே பதில். அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமா, திருப்தியா என்று எனக்குப் புரியவில்லை.

"சரி, அந்த ஐந்நூறை ஆயிரத்து ஐந்நூறாக மாற்றச் சொல்லு. ஐந்நூறு அந்தக் காலத்துக் கணக்கு" என்றார். சின்ன முதலாளி தலையை ஆட்டினார்.

பிறகு, தேதி எழுதும்போது நாளை முதலில் போடுவதா, வருஷத்தை முதலில் போடுவதா என்று ஆரம்பித்தார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.