பஞ்சகவ்யத்துக்கு எந்தப் பாத்திரம்? மதுரையைச் சுற்றி ஒரு நாள்

'பஞ்சகவ்யம் போட்டு 20 நாள் ஆச்சு. மேலே புழு நெளியுது. பக்கத்துல போக முடியாத அளவுக்கு நாத்தம். சாணம், கோமியம், நெய், பழம் எல்லாம் அளவுப்படிதான் போட்டேன். வாய் குறுகின 50 லிட்டர் கேன்ல வெச்சிருக்கேன். பகல்ல திறந்து வைப்பேன், ராத்திரி மூடியை இறுக்கித் திருகிடுவேன். பாத்திரம்தான் காரணமா?'

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்வி இது. கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால், அந்தக் கடைசி வரி எனக்குப் பழைய சம்பவம் ஒன்றை ஞாபகப்படுத்திவிட்டது.

பல வருடங்களுக்கு முன், திருமங்கலம் பகுதியில் ஒரு மல்லிகை விவசாயிக்குப் பஞ்சகவ்யம் தயாரிக்கச் சொல்லிக் கொடுத்தேன். பொருள்கள், அளவு, நாள் கணக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "எதுல சார் போடுறது?" என்று கேட்டார். "ஏதாவது ஒரு டிரம் போதும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் தெரிந்தவரிடம் பழைய டிரம் ஒன்றை மலிவாக வாங்கி, கழுவி, அதில் போட்டிருக்கிறார். தெளித்த பத்தாவது நாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால், தளிர் இலைகள் எல்லாம் நாரைப் போலக் குறுகிச் சுருண்டிருந்தன. மொட்டு வைக்கவே இல்லை. விசாரித்தால், அந்த டிரம்மில் முன்பு வயலுக்குக் களைக்கொல்லி கலந்து வந்திருக்கிறார்கள். அகன்ற இலைக் களைகளைக் கொல்கிற மருந்து அது. மல்லிகையும் அகன்ற இலைச் செடிதானே! ஆய்வகத்துக்கு அனுப்பி நாங்கள் உறுதி செய்யவில்லை. ஆனால், அந்த இலையைப் பார்த்த எந்த வேளாண் அலுவலருக்கும் சந்தேகம் வராது.

அவர் என்னைத் திட்டவில்லை. "சார் சொன்னீங்கன்னு செஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். பூ விலை உச்சத்தில் இருந்த நேரம் அது. அந்த வார்த்தையை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால்தான், இந்தக் கேள்விக்கு உட்கார்ந்த இடத்தில் பதில் எழுத மனம் வரவில்லை. பங்குனி மாதத்தில் ஒரு நாள், விவசாயி வாங்கக்கூடிய பாத்திரங்களை நேரில் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒத்தக்கடை: முதலில் கணக்கு

காலையில் யானைமலை அடிவாரத்தில் ஒரு டீ. எதிரே, 1965-ல் தொடங்கப்பட்ட மதுரை வேளாண்மைக் கல்லூரி. பாத்திரம் வாங்கும் முன் கொள்ளளவு தெரிய வேண்டும் அல்லவா? டீக்கடைப் பெஞ்சிலேயே கணக்குப் போட்டேன்.

கொடுமுடி டாக்டர் நடராஜன் விவசாயிகளிடம் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை, வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. பசுஞ்சாணம் 7 கிலோ, நெய் 1 கிலோ இரண்டையும் பிசைந்து 3 நாள் வைக்க வேண்டும். பிறகு கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர் சேர்த்து 15 நாள் கலக்கிவர வேண்டும். அதன்பின் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, நன்கு கனிந்த பூவன் பழம் 12. மொத்தம் 30 நாளில் தயார். தினமும் காலை, மாலை இரு வேளையும் கலக்க வேண்டும்.

கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 40 லிட்டர் வருகிறது. வெல்லம் சேர்ந்ததும் நுரைத்துப் பொங்கும். கம்பு விட்டுச் சுழற்றவும் இடம் வேண்டும். ஆக, 60 லிட்டருக்குக் குறையாத, கை தாராளமாக நுழைகிற அகன்ற வாய் உள்ள பாத்திரம்தான் சரி. மேலூர் வாசகரின் 50 லிட்டர் கேன் இங்கேயே அடிபட்டுப் போகிறது. குறுகிய வாயில் கம்பு சுழலாது. அடியில் காற்று போகாது. காற்றில்லாத அடி மண்டியில்தான் அழுகல் தொடங்கும்.

கீழமாசி வீதி, வெங்கலக்கடைத் தெரு

அடுத்து நகரத்துக்குள். விளக்குத்தூணில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். பிளாஸ்டிக் கடை ஒன்றில் நீல நிற டிரம்கள் அடுக்கியிருந்தன. கடைக்காரர், "அண்ணே, புதுசு எதுக்கு? பழசு பாதி விலைக்குத் தர்றேன்" என்றார். "உள்ளே என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன். "அதெல்லாம் கழுவினதுண்ணே" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

பிளாஸ்டிக் பார்ப்பதற்குத்தான் கெட்டி. சில மருந்துகளையும் வாசனைகளையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. அதனால் பழைய டிரம் என்றால், என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே வாங்குங்கள். எண்ணெய், ஊறுகாய், சர்க்கரைப்பாகு இருந்த டிரம் பரவாயில்லை. பூச்சிமருந்து, களைக்கொல்லி, ஆசிட், சாயம் இருந்ததா? இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். லேபிள் கிழிக்கப்பட்டிருந்தால் அதுவே போதும், திரும்பி வந்துவிடுங்கள்.

புதிய டிரம்மாக இருந்தால் அடியில் திருப்பிப் பாருங்கள். முக்கோணக் குறிக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருந்தால், அந்த வகைப் பிளாஸ்டிக் புளிப்பைத் தாங்கும். உள்சுவரில் கையை விட்டுத் தடவுங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். கீறல் இருந்தால், அதற்குள் பழைய அழுக்கு ஒளிந்துகொள்ளும்.

கொஞ்ச தூரத்தில் வெங்கலக்கடைத் தெரு. பெரிய பித்தளை அண்டாக்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த வேலைக்கு உலோகமே ஆகாது. கோமியத்திலிருந்து வரும் அம்மோனியா பித்தளையையும் செம்பையும் அரிக்கும். புளிப்பு, தகர டிரம்மின் துத்தநாகப் பூச்சையும் அலுமினியத்தையும் கரைக்கும். கரைந்த உலோகம் கரைசலில் கலந்து, நுண்ணுயிரியைக் கொல்லும்.

மானாமதுரை: தட்டிப் பார்த்து வாங்குங்கள்

மதியத்துக்குள் ராமேஸ்வரம் சாலையில் சிலைமான் தாண்டினேன். வலதுபக்கம் கீழடிக்குப் பிரியும் வழி. இந்த வைகைக் கரையில் 2,000 வருடங்களுக்கு முன்பே பானை வனைந்து புழங்கியவர்கள் நம் ஆட்கள். திருப்புவனத்தின் தென்னந்தோப்புகளைக் கடந்தால் மானாமதுரை. கடத்துக்கும் பானைக்கும் பெயர்போன ஊர்.

சூளைக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாவிடம், பஞ்சகவ்யம் போட மொடா வேண்டும் என்றேன். "தம்பி, மொதல்ல தட்டிப் பாரு" என்று விரல் முட்டியால் ஒன்றைத் தட்டினார். 'கணீர்' என்றது. இன்னொன்றைத் தட்டினார். 'பொத்' என்று சத்தம். "இது உள்ளுக்குள்ள கீறல் விட்டது. தண்ணி ஊத்துனா ரெண்டு நாள்ல வழி காட்டிரும்."

மண் மொடாவுக்கு நம் ஊர் வெயிலில் ஒரு பெரிய நன்மை உண்டு. நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாவதால், உள்ளே சூடு ஏறாது. குறை என்னவென்றால், அதே துளைகளில் பழைய கரைசலும் தங்கிவிடும். அதனால், பஞ்சகவ்யத்துக்கு வைத்த மொடாவை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. வேறு எதற்கோ இருந்த மொடாவை இதற்கு எடுக்கவும் கூடாது. வாங்கியதும் மூன்று நாள் தண்ணீர் நிரப்பி வையுங்கள். கசிவு தெரிந்துவிடும், மண் வாடையும் போய்விடும். அடியில் மணல் பரப்பி அதன்மேல் வைத்தால் உடையாது.

சிமென்ட் தொட்டி கட்டுகிறவர்கள், புதுத் தொட்டியில் ஒரு வாரமாவது தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டுங்கள். சிமென்டின் காரம் இறங்கிய பிறகே கரைசல் போட வேண்டும்.

பனைமரமும் பாஸ்டரும்

திரும்பும் வழியில் ரோட்டோரம் பதநீர் குடித்தேன். பாத்திரத்தின் மகிமைக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. மரம் ஒன்று, பாளை ஒன்று. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் விட்டால் பொழுதுக்குள் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்சுவரில் என்ன இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். நம் ஊரில் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம். ஆனால், அவர்கள் பாத்திரத்தைப் பேணும் முறை நமக்கு உதவும். பீர் கெட்டுப்போவது வேண்டாத நுண்ணுயிரிகள் புகுவதால்தான் என்று, 1876-ல் வெளியிட்ட நூலில் லூயி பாஸ்டர் விளக்கினார். அதனால் அவர்கள் பாத்திரத்தை இரண்டு முறை சுத்தம் செய்கிறார்கள். முதலில் அழுக்குப் போகக் கழுவுவது, அடுத்து கிருமி போகச் சுத்தம் செய்வது. அழுக்கு ஒட்டியிருந்தால் இரண்டாவது சுத்தம் வேலை செய்யாது.

அவர்களிடம் இன்னொரு சின்ன சாதனம் உண்டு. உள்ளிருந்து வாயு வெளியேறும். வெளிக்காற்றும் ஈயும் உள்ளே போகாது. இது நமக்கும் தேவைப்படுகிறது. பஞ்சகவ்யத்தில் கள்ளுக்குப் பதிலாக, இளநீரை மூடிய பிளாஸ்டிக் கேனில் 10 நாள் புளிக்கவைத்துச் சேர்க்கலாம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. மூடியை இறுக்கித் திருகினால் கேன் உப்பும், சில நேரம் வெடிக்கும். அதற்கு மூடியில் ஒரு துளை போட்டு, சொட்டுநீர்ப் பாசனத்தின் மைக்ரோ டியூபைச் செருகுங்கள். சுற்றிலும் மெழுகு வைத்து அடையுங்கள். மறுமுனை தண்ணீர் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். குமிழி வந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். மீன் அமிலத்துக்கும் இதையே செய்யலாம். எந்தக் கேனாக இருந்தாலும் மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.

பஞ்சகவ்ய டிரம்முக்கு இது வேண்டாம். அதற்குக் காற்று தேவை. வாயில் நைலான் வலையோ பழைய பருத்தி வேட்டியோ இரண்டு மடிப்பாகப் போட்டு, ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டுங்கள். ஈ முட்டையிட வழியில்லாவிட்டால் புழு வராது.

திருமங்கலத்தில் மாலை

பொழுது சாயும் நேரம், அதே மல்லிகைத் தோட்டத்துக்குப் போனேன். வேப்பமர நிழலில் இரண்டு மொடா, ஒரு நீல டிரம். டிரம்மில் வெள்ளை பெயின்ட்டில் 'பஞ்சகவ்யம் மட்டும்' என்று எழுதியிருந்தது. எதிர்மூலையில், கொட்டகைக்கு வெளியே, சிவப்பு வாளி ஒன்று, அதில் 'மருந்து'. "பிள்ளைங்க, வேலையாளு யாரு எடுத்தாலும் மாறக் கூடாதுல்ல சார்" என்றார். கழுவும் முறையை அவரையே செய்துகாட்டச் சொன்னேன்.

1. காலியான அன்றே கழுவ வேண்டும். மண்டி காய்ந்துவிட்டால் சுரண்ட வேண்டிவரும், கீறல் விழும்.

2. தேங்காய் நார் போதும். கம்பி நார் கூடாது.

3. பிளாஸ்டிக் டிரம்மாக இருந்தால், வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்து, மூன்று முறை அலச வேண்டும். மொடாவுக்குச் சோடா வேண்டாம். வெந்நீரும் நாரும் போதும்.

4. பினாயில் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். கோமியம் ஒட்டியிருக்கும் டிரம்மில் அதைப் போட்டால், மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும்.

5. அடியில் குழாய் வைத்த டிரம் என்றால், ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும். அழுகிய மண்டி ஒளிந்திருக்கும் இடம் அதுதான்.

6. நல்ல வெயிலில் ஒரு பகல் முழுக்க, உட்புறம் வெயில் படும்படி சாய்த்துக் காயவைத்து, பிறகு கவிழ்த்து வைக்க வேண்டும்.

7. கலக்குகிற மூங்கில் கம்பு, வடிகட்டும் துணி, அளக்கும் மக் எல்லாம் தனி. அவற்றையும் கழுவிக் காயவைக்க வேண்டும்.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் மல்லிகை கொடுத்தார். பழைய விஷயத்தை நான்தான் பேச்சில் எடுத்தேன். "அந்த வருசம் போச்சு சார். இப்ப யார் கேட்டாலும் டிரம்மைத்தான் முதல்ல சொல்றேன்" என்றார்.

மேலூர் வாசகருக்கு:

ஆமாம், உங்களுக்குப் பாத்திரம்தான் காரணம். பகலில் திறந்து வைத்ததில் ஈ முட்டையிட்டது. இரவில் இறுக்கி மூடியதில் காற்று நின்றது. குறுகிய வாயில் கலக்கல் சரியாக நடக்கவில்லை. அந்தக் கரைசலைப் பயிருக்குத் தெளிக்க வேண்டாம். குப்பைக்குழியில் ஊற்றி மண் மூடிவிடுங்கள். 60 லிட்டருக்கு மேல் அகன்ற வாய் டிரம்மோ மொடாவோ வாங்கி, நிழலில் வைத்து, துணி கட்டி மறுபடி தொடங்குங்கள். நல்ல பஞ்சகவ்யத்தில் புளிப்பும் பழமும் கலந்த வாசனை வரும். அழுகல் நாற்றம் வராது. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் கலந்து, வடிகட்டித் தெளியுங்கள். இது வளர்ச்சி ஊக்கிதான், அடியுரத்துக்கு மாற்று இல்லை. முதல் முறை ஒரு வரிசைச் செடிக்கு மட்டும் தெளித்து, ஒரு வாரம் பார்த்த பிறகு முழுத் தோட்டத்துக்கும் கொடுங்கள். அன்று திருமங்கலத்தில் இதையும் நான் சொல்லியிருந்தால், அவருக்கு நஷ்டம் ஒரு வரிசையோடு நின்றிருக்கும்.