நிமிர்ந்து பாருங்கள்

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறிவிட வேண்டுமென்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்ட நாள். எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த மாதத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரில் எங்கள் குடும்பத்து நால்வரும் அடக்கம். புத்தளத்து மக்கள் தங்கள் அடுப்பில் ஆக்கியதை எங்களுக்குப் பகிர்ந்து தந்தார்கள். அவர்களில் எவரும் எங்களிடம் பெயர் கேட்டு எழுதவில்லை.

சில வாரங்களின் பின் நிவாரண லொறி வந்தது. வரிசை, பதிவு, கூப்பன் எல்லாம் கூடவே வந்தன. பாண் வாங்கித் திரும்பிய உம்மாவைக் கமராவோடு நின்ற ஒருவர் மறித்தார். "கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கம்மா" என்றார். உம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அன்றிரவு அந்தப் பாணை எங்களுக்குப் பிய்த்துத் தந்தார். தான் ஒரு துண்டும் தொடவில்லை. சோனகதெருவில் பெருநாள் தோறும் பிறருக்குக் கொடுத்துப் பழகிய கை அது.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது நான் கிழக்கில் ஓர் ஆசிரியர் கலாசாலையில் பயிலுநன். இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டந்தான். நண்பர்களோடு கல்முனைப் பக்கத்து முகாம்களுக்குப் போனேன். பொருள் தந்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பெற்றுக்கொள்பவரின் படம் வேண்டும். கமரா என் கையில். பிள்ளையை அலையில் இழந்த ஒரு தாய் பாய் வாங்கும்போது முகத்தைத் திருப்பினார்.

"கொஞ்சம் நிமிருங்க ராத்தா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்பது உறைத்தது. ஆனாலும் படத்தை எடுத்தேன். அதை இன்றுவரை நான் உம்மாவிடம் சொன்னதில்லை.

படம் கேட்பவர் எல்லாரும் விளம்பரப் பிரியர்கள் அல்லர். பட்டியலில் பெயர் இருக்க, பொருள் வேறு கைக்குப் போவதை நாம் கண்டிருக்கிறோம். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தைக் கோவையில் பத்து அம்சங்கள் உண்டு. உதவி பெறுவோருக்கும் பணம் தருவோருக்கும் பொறுப்புக் கூற வேண்டும் என்பது ஒன்பதாவது. பாதிக்கப்பட்டோரைக் கதியற்ற பண்டங்களாகக் காட்டாமல் மானமுள்ள மனிதராகக் காட்ட வேண்டும் என்பது பத்தாவது. முகாமில் இந்த இரண்டும்தான் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அல்பகரா அத்தியாயம் வெளிப்படையாகக் கொடுப்பதைத் தடுக்கவில்லை. மறைத்துக் கொடுப்பதை மேலானதென்கிறது. சொல்லிக்காட்டி நோகடித்தால் தர்மமே பாழாகும் என்றும் எச்சரிக்கிறது.

போருக்குப் பின் ஊர் திரும்பினேன். இப்போது தென்மராட்சியில் ஒரு கிராமப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2024 நவம்பரில் ஃபெங்கல் புயலோடு வந்த வெள்ளத்தில் எங்கள் வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கின. எல்லாரும் தமிழ்க் குடும்பங்கள். எங்கள் ஆட்கள் சிலரிடம் உதவி கேட்டேன். "எங்களைத் துரத்தினபோது இவங்க எங்க இருந்தாங்க மாஸ்டர்?" என்று ஒருவர் கேட்டார். அன்று எங்கள் வாசலில் நின்று அழுத அயல்வீட்டு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் அரிசி தந்தார்.

மறுநாள் வெளியூரிலிருந்து இன்னொரு குழு உலருணவுப் பொதிகளோடு வந்தது. பதாகை கட்டி, ஒவ்வொருவராய் நிறுத்திப் படமெடுக்க வேண்டும் என்றார்கள். நான் மறுத்தேன். பொதிகளைப் படமெடுங்கள், கையொப்பமிட்ட பட்டியல் தருகிறேன் என்றேன். அவர்கள் சம்மதிக்கவில்லை. வாகனம் வேறு பாடசாலைக்குத் திரும்பியது. உம்மாவுக்கு நான் பட்ட கடனைத் தீர்த்துவிட்டதாக எனக்குள் ஒரு நிறைவு.

மாலையில் என் மாணவி ஒருத்தியின் தாய் வந்தார். குரலில் கோபமில்லை.

"ஒரு படம்தானே சேர். எடுக்க விட்டிருக்கலாம். எங்களிட்டயும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

எனக்குப் பதில் வரவில்லை. கமராவோடு நின்றவர் உம்மாவிடம் அனுமதி கேட்கவில்லை என்பதே இத்தனை வருடமும் என் மனக்குறை. நானும் இவர்களிடம் கேட்கவில்லை. அவர்களுடைய மானம் எது, பசி எது என்பதை அவர்களுக்காக நானே தீர்மானித்துவிட்டேன்.

அன்றிரவு கடையில் கடனுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தேன். அது எல்லாருக்கும் போதவில்லை. அடுத்த மாரியிலும் எங்கள் வகுப்பறைகள் முகாமாகலாம். அப்போது யாருக்கும் ஆமென்றோ இல்லையென்றோ சொல்லுமுன், பாயில் இருப்பவர்களிடம் போய் முதலில் கேட்பேன்.