பத்து ரூபாய் மனு

ஓய்வு பெறுவதற்கு முன் நான்கு ஆண்டுகள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலராக இருந்தேன். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு வந்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்தான் கேட்பார்கள். தொகுப்பு வீடு யாருக்கு ஒதுக்கினீர்கள்? நூறு நாள் வேலையில் யார் பெயருக்குச் சம்பளம் போனது?

தனிநபர் தகவலை அன்றும் மறுக்கலாம். ஆனால் அது பொதுப்பணிக்குச் சம்பந்தமில்லாதது என்றோ, அந்தரங்கத்தில் வீணாகத் தலையிடுவது என்றோ நான் காரணம் காட்ட வேண்டும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டது. ‘தனிநபர் தகவல்’ என்று எழுதினாலே போதும். பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் ‘தரலாம்’ வேறு, ‘தர வேண்டும்’ வேறு.

நம் ஆதாரும் போன் நம்பரும் கண்டவர் கைக்குப் போகக்கூடாது, சரி. அதற்காக, செத்தவர் பெயரில் சம்பளம் எடுப்பவருக்கும் மறைப்பு வேண்டுமா?

அந்த சீட்டில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். மேலிருந்து “மறுத்து எழுதிடுங்க சார்” என்று வாய்மொழியாக வரும். சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல அந்தப் பழைய வரிகள் எனக்குக் கைகொடுத்தன. இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் எதைக் காட்டிச் சொல்வார்?