உப்பும் வெல்லமும் ஒரு பரீட்சையும்

"பாடம் நடத்தியாகிவிட்டது" என்று உபாத்தியாயர்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைக்கிறோம். பிள்ளைகளுக்குப் பாடம் வந்ததா என்பது வேறு சங்கதி. இருபது வருஷங்களுக்கு மேல் சாக்குக்கட்டியும் கையுமாகக் காலந்தள்ளிய நமக்கு இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் நன்றாய்த் தெரியும். குழந்தைகளின் உயிரைக் காக்கும் வேலையிலும் இதே தூரம் உண்டு. அங்கே அதைக் கவனியாமல் விட்டால், நஷ்டம் பரீட்சைத் தோல்வியோடு நிற்பதில்லை, தொட்டிலே காலியாகிவிடும்.

பேதியை எடுத்துக்கொள்வோம். பேதி கண்ட குழந்தைக்கு எமனாய் வருவது பெரும்பாலும் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வடிந்துபோவதுதான். "வயிறு காயட்டும்" என்று தண்ணீரையும் நிறுத்திவிடுவது நம் பாட்டிமார்களின் வழக்கம். சிறு வயதில் நமது வீட்டிலேயே அப்படி நடந்ததைக் கண்டிருக்கிறோம். அன்பினால்தான் செய்தார்கள், ஆனால் வாடுகிற பயிருக்கு வாய்க்காலை அடைப்பது போன்ற காரியம் அது.

உப்பையும் சர்க்கரையையும் தக்க அளவில் சேர்த்துக் கரைத்தால், பேதியின் நடுவிலும் குடல் அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும். டாக்காவில் நாலின், காஷ் என்னும் இரு அமெரிக்க வைத்தியர்கள் காலரா நோயாளிகளிடம் இதைப் பரீட்சித்து 1968-ல் வெளியிட்டார்கள். 1971-ல் கிழக்கு வங்காளத்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, மேற்கு வங்காளத்துப் பன்காவ்ன் நகரில் காலரா தலைவிரித்தாடிற்று. நரம்பில் ஏற்றும் திராவகம் தீர்ந்துவரவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுகோஸ், சோடா உப்பு மூன்றும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரையில் மாண்டுகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று.

மருந்து கிடைத்துவிட்டது. அதைத் தாயின் கையில் கொண்டு சேர்ப்பது எப்படி? இந்தப் பாடத்தை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தது வங்காளதேசம். அங்கே 1972-ல் பஸ்லே ஹஸன் அபெத் என்பவர் தோற்றுவித்த 'பிராக்' என்னும் தொண்டு ஸ்தாபனம், 1980 முதல் 1990 வரை பெண் ஊழியர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பிற்று. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளை அவர்கள் எட்டினார்கள். மூன்று விரல்களால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர்: இவ்வளவுதான் பாடம். ஊழியர் கரைத்துக் காட்டிவிட்டுப் போய்விடவில்லை. தாயே தன் கையால் கரைத்தாக வேண்டும்.

நம்மை வியப்பில் ஆழ்த்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான். சுமார் ஒரு மாதம் கழித்து, வேறோர் ஆள் வந்து சில வீடுகளைப் பொறுக்கி எடுத்துப் பரீட்சை நடத்துவார். தாய் பாடத்தைச் சொல்ல வேண்டும். நீரையும் கரைத்துக் காட்ட வேண்டும். உப்பு மிஞ்சினால் குழந்தைக்கு ஆபத்தாகையால், அந்த நீர் பரிசோதனைக்கும் போகும். தாய் பெற்ற மதிப்பெண்ணைப் பொறுத்தே ஊழியருக்குக் கூலி! எத்தனை வாசற்படி ஏறினார் என்ற கணக்குக்குக் காசு இல்லை. நம் பள்ளிக்கூடங்களில் இம்முறையை அமலுக்குக் கொண்டுவந்தால், மாதக் கடைசியில் முழுச் சம்பளம் வாங்குவோர் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணும்போது சற்றே உடம்பு வியர்க்கிறது.

அப்படியும் ஒரு குறை தென்பட்டது. தாய்மார்கள் பாடத்தை ஒப்பித்தார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதி கண்டபோது மிகச் சிலரே அந்த நீரைக் கொடுத்தார்கள். "படியாத ஜனங்கள்" என்று பழியை அவர்கள்மேல் போடாமல், ஸ்தாபனத்தார் தங்களிடமே காரணத்தைத் தேடினார்கள். ஊழியர்களிலேயே பலருக்கு அந்த நீரில் நம்பிக்கை இல்லை. தமக்குப் பேதி வந்தால் மாத்திரையைத்தான் நாடினார்கள். வீட்டுப் புருஷர்களிடம் ஒருவரும் பேசவே இல்லை. ஆகவே, நீர் எப்படி வேலை செய்கிறது என்பது ஊழியர்களுக்கு நன்கு விளக்கப்பட்டது. மசூதியிலும் சந்தையிலும் ஆண்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார்கள். பத்து அம்சங்களாக இருந்த பாடமும் நினைவில் நிற்கும்படி ஏழாகக் குறைந்தது. அதன் பின்னரே பாடம் பழக்கமாயிற்று. 1980-ஐ ஒட்டி, அந்நாட்டில் ஆயிரம் குழந்தைகளில் சுமார் இருநூறு பேர் ஐந்து வயதுக்குள் இறந்தனர். இன்று அத்தொகை முப்பதை ஒட்டி இருக்கிறது. தடுப்பூசிக்கும் பெண் கல்விக்கும் இதில் பங்குண்டு. உப்பு வெல்ல நீரின் பங்கும் சிறிதன்று.

நம் ஊரில் இன்று அளவெல்லாம் சரியாகச் சேர்த்த 'ஓ.ஆர்.எஸ்.' பொட்டலமே கிடைக்கிறது. சென்ற வருஷம் எட்டாம் வகுப்பில் ஒரு பெரிய பொட்டலத்தை மேஜைமேல் வைத்து, "இதை எவ்வளவு நீரில் கரைப்பது?" என்று கேட்டோம். பெயர் தெரியாத பிள்ளை ஒன்றுமில்லை. ஆனால், "ஒரு டம்ளர்" என்றது பாதி வகுப்பு. "கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாம்" என்றான் ஒருவன். பொட்டலத்தின் மேலேயே 'ஒரு லிட்டர்' என்று அச்சிட்டிருக்கிறது! ஒரு டம்ளரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்தால் மருந்தே தீங்காகும். அதிக நீரில் கரைத்தால் பலன் குறையும். அடுத்த நாள் பிள்ளைகளே லிட்டர் பாத்திரம் கொண்டுவந்து அளந்து பார்த்தார்கள். இனி அவர்கள் மறக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். ஆயினும் ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேட்டோம்.

எத்தனை பொட்டலம் வழங்கினோம் என்று எழுத எல்லா இடத்திலும் பதிவேடு உண்டு. எத்தனை தாய்மார் அதைச் சரியாகக் கரைக்கிறார்கள் என்று எழுதவும் ஒரு பத்தி வேண்டும் என்பது நம் விண்ணப்பம். அந்தப் பத்தி வரும்வரை, நேயர்களும் ஒன்று செய்யலாம். குழந்தைக்கு மருந்து கொடுப்பவர் "புரிந்ததா, அம்மா?" என்று கேட்டால், வெறுமனே தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "நானே ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன், சரிதானா என்று கேளுங்கள்" என்று நின்று சொல்லுங்கள். அரை நிமிஷம் பிடிக்கும். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் பாதகமில்லை.