ஆப்பிள் எங்க ஊர்லயும் காய்க்கும்!

'பெரம்பலூரா? திருச்சி போற வழியில பஸ் நிக்குமே, அந்த ஊர்தானே?' ஹாஸ்டல்ல இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே கிடையாது. அரியலூர்னா இன்னும் மோசம். 'ஓ... சிமென்ட்!'னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க.

அதனால, 'சொந்த ஊரைப் பத்தி எழுதிட்டு வா'ன்னு பத்திரிகையில சொன்னதும் உள்ளுக்குள்ள ஒரு வெறி. சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கிற மரம், அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கத்துல கிடைக்கிற கடல் சிப்பிகள், ராஜேந்திர சோழனோட கங்கைகொண்ட சோழபுரம்னு பெரிய லிஸ்ட்டே போட்டேன். ஆனா, நான் எழுதப்போறது ஒரு ஆப்பிளைப் பத்தி. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு!

பெரம்பலூர்ல இருந்து அரியலூருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். சிமென்ட் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு பஸ் போய்ச் சேரும். அங்கிருந்து ஜெயங்கொண்டம் பஸ்ஸைப் பிடிச்சு, ஆண்டிமடம் பக்கம் திரும்பினா மண்ணோட நிறமே மாறிடும். செம்மண். ரெண்டு பக்கமும் தரையைத் தொடுற மாதிரி கிளை பரப்பி நிக்கிற முந்திரி மரங்கள். நான் போனது ஏப்ரல் மாசம். சீஸன்! காத்துலயே பழ வாசம் அடிச்சுது.

பெரியம்மா வீட்டுத் திண்ணையில அக்கா மகள் உட்கார்ந்திருந்தா. அரசுப் பள்ளியில மூணாவது படிக்கிற வாண்டு. கையில பழங்களோட படம் போட்ட சார்ட். 'ஏ ஃபார் ஆப்பிள்'னு ஊரே கேட்கிற மாதிரி கத்திட்டு இருந்தவ, என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டா.

''மாமா, நீ இன்ஜினீயருக்குத்தானே படிக்கிற? முந்திரிப் பழத்துக்கு இங்கிலீஷ்ல என்ன?''

அவ்வளவுதான், வியர்த்துடுச்சு எனக்கு. 'கேஷ்யூ நட்'னா கொட்டை. பழத்துக்கு? திருட்டுத்தனமா போன்ல தேடினேன். 'கேஷ்யூ ஆப்பிள்'னு வந்துது.

''ஹை... அப்ப ஆப்பிள் நம்ம கொல்லையிலயே காய்க்குதா?''ன்னு குதிச்சா பாருங்க! சார்ட்ல இருக்கிற ஆப்பிளை அவ எப்பவாவது காய்ச்சல் வந்தாத்தான் பார்ப்பா. இந்த ஆப்பிள் காலடியில கிடக்குது.

அப்புறம் யோசிச்சா, இங்கிலீஷ்காரங்க நம்ம பழங்களுக்கு எல்லாம் ஆப்பிள்னே பேர் வெச்சிருக்காங்க. சீத்தாப்பழம் கஸ்டர்ட் ஆப்பிள், விளாம்பழம் வுட் ஆப்பிள், அன்னாசி பைனாப்பிள். காரணம் இருக்கு. பழைய ஆங்கிலத்துல ஆப்பிள்ங்கிற சொல் பொதுவா பழத்தையே குறிச்சிருக்கு. பேரீச்சம்பழத்தை 'விரல் ஆப்பிள்'னு சொல்லியிருக்காங்கன்னா பார்த்துக்கங்க!

மாம்பழக் கதை இன்னும் ஜோர். நம்ம மாங்காயை, மலையாளத்து மாங்ஙாவை போர்ச்சுகீசியர்கள் 'மாங்கா'ன்னு எடுத்துட்டுப் போய், அதுதான் 'மேங்கோ' ஆச்சு. நமக்கு பிஞ்சு, காய், செங்காய், பழம்னு ஒவ்வொரு வயசுக்கும் ஒரு பேர். அவங்க 'ரா மேங்கோ', 'ரைப் மேங்கோ'ன்னு ஒட்டுப்போட வேண்டியிருக்கு. இந்த ஒரு விஷயத்துல அவங்கதான் நம்மகிட்ட டியூஷன் வரணும்!

வாண்டு விடலை. ''ஆப்பிளுக்கு ஏன் 'ஆன்'? மேங்கோவுக்கு ஏன் 'எ'?''

இந்த இடத்துல ஒரு ஃப்ளாஷ்பேக். ஃபர்ஸ்ட் இயர், முதல் நாள், செல்ஃப் இன்ட்ரடக்‌ஷன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்ச நான், நைட்டெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுப் போய் 'ஐ வான்ட் டு பிகம் எ இன்ஜினீயர்'னு சொன்னேன். பின் பெஞ்ச்ல ஒருத்தன் 'எ இன்ஜினீயர்'னு திருப்பிச் சொன்னான். கிளாஸே சிரிச்சுது. ஒரு எழுத்துங்க... ஒரே ஒரு எழுத்து! அதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் கிளாஸ்ல வாயே திறக்கலை. டவுட் கேட்டதில்லை, செமினார் எடுத்ததில்லை. விடை தெரிஞ்ச கேள்விக்குக்கூட தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

அந்த எழுத்தைப் பத்தித்தான் இவ கேட்கிறா. என்ன சொல்றது? திடீர்னு தமிழ் ஐயா ஞாபகம் வந்தார்.

''ஒரு நகரம், ஆனா ஓர் ஊர். ஏன் சொல்லு?''

''ஊ... உயிரெழுத்து!''

''அதேதான் இங்கயும்.'' ஓர் ஆப்பிள், ஆன் ஆப்பிள். ஒரு மாம்பழம், எ மேங்கோ. சொல்லும்போதே எனக்குச் சிலிர்த்துடுச்சு. 'ஒரு - ஓர்' வித்தியாசத்தை ஸ்கூல்லயே ரெண்டு மார்க்குக்கு எழுதினவன் நான். ரெண்டும் ஒரே மாதிரி வேலை செய்யுதுன்னு அன்னிக்கு உறைக்கலையே!

உங்களுக்கும் ஒரு டிப்ஸ். இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ்ல எழுதிப் பாருங்க. முதல் எழுத்து உயிரா இருந்தா 'ஆன்', இல்லேன்னா 'எ'. ஆன் ஆரஞ்சு, ஆன் அவர், ஆன் எம்.எல்.ஏ., எ யுனிவர்சிட்டி. 'ஒன்' மாதிரி வார்த்தைக்கு மட்டும் உஷார். எழுதுறது 'ஒ'ன்னாலும் வாய் 'வ'ன்னுதான் சொல்லுது. அதனால அதுக்கு 'எ'.

எனக்குத் தெரிஞ்சது முடிஞ்சுதுன்னு எழுந்தேன். வாண்டு ஒரு பழத்தை நீட்டினா.

''அப்ப இது ஆன் ஆப்பிள். ஆனா, எ கேஷ்யூ ஆப்பிள். சரியா மாமா?''

சரிதான்! முன்னாடி நிக்கிற சொல்லோட சத்தத்தைத்தான் பார்க்கணும். நான் சொல்லித்தராததை அவளே கண்டுபிடிச்சிட்டா. தப்பாயிடுமோன்னு ஒரு நொடிகூட அவ யோசிக்கலை. எனக்கும் அவளுக்கும் இருந்த வித்தியாசம் அது ஒண்ணுதான்.

பக்கத்துல பெரியம்மா கொட்டை உடைச்சிட்டு இருந்தாங்க. முந்திரித் தோட்டுல இருக்கிற எண்ணெய் பட்டா தோல் வெந்துடும். அவங்க விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவங்க. பருப்பை உள்ளங்கையில வெச்சுப் பார்த்துட்டு, ''இது டபிள்யூ முந்நூத்தி இருவது, இது எரநூத்தி நாப்பது''ன்னு பிரிச்சுப் போட்டாங்க. 'டபிள்யூ'ன்னா வெள்ளை முழுப்பருப்பு. நம்பர், ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு அதிகபட்சம் எத்தனை பருப்புங்கிற கணக்கு. நம்பர் குறைய குறைய பருப்பு பெருசு. அந்த இங்கிலீஷை அவங்களுக்கு யாரும் சொல்லித்தரலை. பொழைப்பு சொல்லிக்கொடுத்திருக்கு.

''யாராவது சிரிச்சா என்ன பெரியம்மா பண்ணுவீங்க?''ன்னு கேட்டேன்.

''சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். ரேட்டு கொறைச்சு எடுத்துட்டுப் போயிடக் கூடாதுல்ல?''

எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்லயும் இப்படி ஒரு பாடம் எனக்குக் கிடைக்கலை.

கிளம்பும்போது வாண்டு ஒரு பை நிறையப் பழம் கொடுத்தா. பெரம்பலூர் வந்து திறந்தா பாதி கசிஞ்சு, சட்டையெல்லாம் கறை. இந்தப் பழத்தோட குணமே அதுதான். பறிச்சா ஒரு நாள் தாங்குறதே பெருசு. கொட்டை மட்டும் ஊர் ஊராப் போகும், பழம் மரத்தடியிலயே நின்னுடும். எந்த சூப்பர் மார்க்கெட்லயும் தேடாதீங்க.

அடுத்த மாசம் காலேஜ்ல மாக் இன்டர்வியூ. பயம் போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா, இந்தத் தடவை கை தூக்கிப் பேர் கொடுத்துட்டேன். முந்திரிக்கொட்டைன்னு எவனாவது கிண்டல் பண்ணா... பண்ணட்டும். எங்க ஊர்க் கொட்டைதானே!

நீங்க? மார்ச், ஏப்ரல்ல ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு டிரிப் போடுங்க. பழத்தைக் கழுவி, நறுக்கி, உப்புத் தூவிச் சாப்பிடுங்க. கொஞ்சம் தொண்டை கரகரக்கும். நல்ல சட்டை மட்டும் போட்டுட்டு வந்துடாதீங்க!