டீச்சர் ஏன் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்?



போன வாரம் நான் போட்ட போட்டோவுக்கு வந்த பதில்களைப் படித்து முடிக்கவே இரண்டு நாள் ஆகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் மூன்று கிழவிகள் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருக்கிற படத்துக்கு இத்தனை வரவேற்பு இருக்கும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் "சூப்பர் டீச்சர்" என்று எழுதியிருந்தீர்கள். டாக்டருக்குப் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் "சுகர் கவனம் டீச்சர்" என்று எழுதியிருந்தீர்கள். சொந்தக்காரர்கள் யாரும் எழுதவில்லை, நேராகப் போன் போட்டுவிட்டார்கள். "ஏனுங்க அத்தை, வீட்ல டீ வெச்சுக் குடுக்க ஆளில்லீன்னா சொல்லுங்க, நான் ஒரு ஆளை ஏற்பாடு பண்றேன். ரோட்டுக்கடையில போய் உட்காரோணுமா?" இது என் அண்ணன் மகன். அவன் கோபமாகக் கேட்கவில்லை, பாசத்தில்தான் கேட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என் விரல் ஒத்துழைக்காது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

வேலையில் இருந்த 33 வருடமும் நான் கடை டீ குடிக்காத நாள் குறைவு. பதினொரு மணி இடைவேளைக்கு சத்துணவு ஆயாம்மா தூக்குப்போசியில் வாங்கி வருவார். ஊற்றி ஆளுக்கு அரை டம்ளர் குடித்துவிட்டு வகுப்புக்கு ஓடுவோம். ஆனால் கடைக்குள் போய் உட்கார்ந்து குடித்தது ஒரு நாள்கூடக் கிடையாது. போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இல்லாமல் இருந்தது. நம்ம ஊர் டீக்கடை பெஞ்ச் ஆண்களுக்கானது. தினத்தந்தியைப் பிரித்து ஆளுக்கொரு தாளாகப் படிப்பது, அரசியல் பேசுவது, மாட்டு வியாபாரம், கல்யாணத் தரகு எல்லாம் அங்கேதான். கூலி வேலைக்குப் போகிற பெண்கள் கடை ஓரத்தில் நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். மற்ற பெண்களுக்குப் பார்சல்தான். பெஞ்சில் உட்காருவதுதான் விஷயம்.

ஓய்வு பெற்ற பிறகு காலையில் மைதானத்தில் நடக்கப் போனேன். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர், அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா, சத்துணவு அமைப்பாளராக இருந்த அம்மா, நான் என்று நான்கு பேர் சேர்ந்துகொண்டோம். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியபோது கடைக்காரத் தம்பி பெஞ்சைத் துடைத்து, "உட்காருங்க டீச்சர், மழை விடாது" என்றார். உட்கார்ந்தோம். மறுநாள் மழை இல்லை, அப்போதும் உட்கார்ந்தோம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் நடுப்பக்கத்தை உருவி எங்களிடம் நீட்டினார். வந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

வீட்டிலேயே டீ வைத்துக் குடித்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நர்ஸ் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவர் தனியாக இருக்கிறார். மகன் வெளிநாட்டில். தினமும் இரவு ஒன்பது மணிக்குத் தவறாமல் போன் செய்வான், தங்கமான பையன். நாங்கள் கடைக்கு வந்து சேருவது காலை 6.45. ஒரு மார்கழிக் காலையில் அக்கா வரவில்லை. பனி அதிகம், தூங்கட்டும் என்று நினைக்கலாம்தான். ஆனால் வராத நாளுக்கு முந்தின நாளே சொல்லிவிடுகிற ஆள் அவர். போன் அடித்தோம், எடுக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனோம். ஐந்து மணிக்குக் குளியலறையில் விழுந்தவர் இரண்டு மணி நேரமாகத் தரையில் கிடந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. கடைக்காரத் தம்பிதான் சுவர் ஏறிக் குதித்துப் பின்கதவைத் திறந்தார். அன்றே ஆஸ்பத்திரி, இரண்டு நாளில் ஆபரேஷன்.

மகன் அன்றைக்கும் இரவு ஒன்பது மணிக்குத்தான் போன் செய்திருப்பான்.

நான் பேர் கூப்பிட, நீங்கள் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்வீர்கள் இல்லையா? எங்கள் வயதில் அப்படிப் பேர் கூப்பிட ஆள் கிடையாது. பென்ஷனுக்கு வருடம் ஒருமுறை உயிருடன் இருக்கிறோம் என்று சான்று கொடுக்கிறோம். மற்றபடி நாம் வந்தோமா வரவில்லையா என்று தினமும் கவனிக்கிற இடம் அந்த பெஞ்ச் ஒன்றுதான். 15 ரூபாய்க்கு இதைவிட மலிவாக வேறென்ன கிடைக்கும்?

சரி, டாக்டர் பிள்ளைகள் கேட்டதற்கு வருகிறேன். டீ உடம்புக்கு நல்லதா? நல்லதுதான், குடிக்கிற நேரமும் போடுகிற சர்க்கரையும் சரியாக இருந்தால். நான் குடிக்கிற கணக்கைச் சொல்கிறேன். காலையில் ஒன்று, பகல் மூன்றரைக்கு ஒன்று. அதற்குப் பிறகு கிடையாது. காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு டீ குடித்துவிட்டு, பதினொரு மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று சாமியைத் திட்டிப் பயனில்லை. 2024-ல் ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு கப் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின் இருக்கும், ஒரு நாளைக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு, மூன்று டீக்கு அது எட்டாத தூரம்.

அதே வழிகாட்டியில் இருக்கிற இன்னொன்றை என் மாணவிகள் எல்லாரும் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ வேண்டாம். டீயில் இருக்கிற பாலிஃபீனால், கீரையிலும் பயறிலும் கேழ்வரகிலும் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. நம் பெண்களுக்கு ஏற்கெனவே ரத்தம் போதாது. இட்லி தின்று கை கழுவுமுன் டீ, மத்தியானம் கீரைச் சோறு முடிந்த உடனே ஒரு டீ என்று இருந்தால் கீரை வாங்கின காசு வீண். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள், அது இரும்பை உள்ளே இழுக்கும். பள்ளியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை உங்கள் மகள் டீயோடு விழுங்குகிறாளா என்று இன்றைக்கே பாருங்கள்.

சர்க்கரை பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரு கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 10 கிராம், மூன்று டீக்கு 30. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது, அதில் நீங்கள் தின்கிற பிஸ்கட்டும் மைசூர்பாகும் அடக்கம். எங்கள் மாஸ்டர் எனக்கு அரை ஸ்பூன்தான் போடுவார். வடையை நான் தொடுவதில்லை. கணக்கு டீச்சர் தொடுவார், அது அவர் கணக்கு.

கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கிற பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-ல் அறிவித்தது. நம் மாஸ்டர் ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றுகிறாரே, அதை வித்தை காட்டுவதாக நினைக்க வேண்டாம். நுரையும் வரும், சூடும் குடிக்கிற பதத்துக்கு இறங்கும்.

டீயைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பழைய மாணவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சி முடித்து 1983-ல் எனக்குக் கிடைத்த முதல் வேலை நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில். பிள்ளைகளில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்த மக்களைக் கேட்டுப் போட்ட கணக்கு இல்லை அது. கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, மலையேறி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அதுதான்.

அவர்கள் பேச்சில் டீ கிடையாது, தேத்தண்ணிதான். "டீச்சர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று லைன் வீட்டு வாசலிலேயே மறித்துவிடுவார்கள். பால் இருக்காது. டஸ்ட் தூளில் சாயம் இறக்கி, உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை தருவார்கள். சர்க்கரையை நக்கிக்கொண்டு டீயை உறிஞ்ச வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதும், இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ள வேண்டும் என்பதும் எனக்கு அந்த வாசல்களில் தெரிந்ததுதான். அவர்கள் விரல் நுனிகளில் கறை ஏறிக் கறுத்திருக்கும். தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். டீ பசியை அமர்த்தும், ஆற்றாது. சத்துணவு மணி அடிக்கும்வரை அந்தக் கண்கள் கரும்பலகையில் நிற்காது. காலையில் பிள்ளைக்கு வெறும் டீயைக் கொடுத்து அனுப்புகிற வீடு இன்றைக்கும் இருந்தால், தயவு செய்து கூட ஒரு பழமாவது கொடுங்கள்.

அந்த வீடுகளில் டீ குடிக்காத ஆசிரியர்களும் இருந்தார்கள். "வயிறு சரியில்லை" என்பார்கள். என்ன காரணம் என்று வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். மறுபடி கேட்க மாட்டார்கள். பிறகு நான் சமவெளிக்கு மாறுதலாகி வந்த கிராமத்தில் அதையே வெளிப்படையாகப் பார்த்தேன். ஒரு கடையில் கூரையில் சொருகி வைத்த கிளாஸ்கள் தனியாக இருக்கும். யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அவரவரே எடுத்து, குடித்து, கழுவி, மறுபடி சொருக வேண்டும். பொதுக் கடையில் இப்படிப் பாத்திரத்தைப் பிரிப்பது 1955 சட்டப்படியே குற்றம். என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனின் அப்பா, தன் மகன் பார்த்திருக்க, அந்தக் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தார். அதை நான் மறக்கவில்லை. அந்தப் பையனும் மறந்திருக்க மாட்டான். இதைப் படித்துக்கொண்டும் இருக்கலாம். பள்ளியில் நாங்கள் சிலர் அந்தக் கடையில் வாங்குவதை நிறுத்தினோம். கடை அதனால் மாறவில்லை. பின்னால் பேப்பர் கப் வந்தது. சுத்தத்துக்கு என்று சொன்னார்கள், சில கடைகளில் அது வேறு எதற்கோ வசதியாக இருந்தது.

அதனால்தான் புதிதாக ஒரு கடைக்குப் போனால் நான் டீ எப்படி என்று பார்க்குமுன் கிளாஸ்களைப் பார்ப்பேன். எங்கள் தம்பி கடையில் எல்லாக் கிளாசும் ஒரே தொட்டியில் வெந்நீரில் கிடக்கும். துப்புரவு வேலை முடித்து வருகிற பெண்கள் இப்போது எங்கள் பெஞ்சிலேயே உட்கார்கிறார்கள். முதலில் தயங்கினார்கள். அமைப்பாளரம்மாதான் நகர்ந்து இடம் விட்டு, "நாங்களே இப்பத்தான் உட்கார ஆரம்பிச்சிருக்கறோம், வாங்க" என்றார். அவர்களில் ஒருவர் எனக்கு முட்டிவலிக்குச் சொன்ன பயிற்சி, ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதைவிட எளிதாக இருக்கிறது.

அண்ணன் மகனுக்கு: ஆள் எல்லாம் வேண்டாம் சாமி. ஒரு நல்ல பிளாஸ்க் வாங்கி அனுப்பு, அரை லிட்டர் பிடிக்கிறது. நர்ஸ் அக்கா இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை வருகிறார். கடைவரை நடக்க இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை கடையில் எங்கள் டீ முடிந்ததும் மூன்று டீயைப் பார்சல் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போகிறோம். ஒன்று அவருக்கு, மற்ற இரண்டு டீயும் எங்கள் மூவருக்கு. இருக்கிற பழைய பிளாஸ்க்கில் மூடி கசிகிறது, சேலையெல்லாம் டீக்கறை.